மூன்று மணிக்கு உமேஷ்

குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் ஃபோன் அடித்தது. அழைப்பு இல்லை, அலாரம் என்று ஆஞ்சலாவுக்குத் தெரியும். மணி மூன்று. கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றாள். ஃபோன் மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகரும் ஓசை கேட்டது. எடுக்காமல் விட்டால் விளிம்புவரை வந்து கீழே விழுந்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை விழுந்து ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தாள். திரையில், மணிக்குக் கீழே, அவளே எழுதி வைத்த பெயர் இருந்தது. உமேஷ்.

உமேஷ் போய் நாற்பத்தோரு நாள் ஆகிவிட்டது.

அலாரத்தை நிறுத்த ஒரு விரல் போதும். அடியோடு அழிப்பதும் பெரிய வேலையில்லை. அழிக்கவா என்று ஃபோன் ஒருமுறை கேட்கும், ஆமாம் என்றால் முடிந்தது. அந்தக் கேள்வி வரைக்கும் அவள் பலநாள் போயிருக்கிறாள். ஆமாம் என்று தொட மட்டும் விரல் வந்ததில்லை.

உமேஷ் சர்ச்சுக்குள் வராத மாப்பிள்ளை. ரூபினியின் கணவன். தும்கூர்ப் பக்கத்துக் கன்னடக்காரன். ஆஞ்சலா ஞாயிறுப் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளைகளில் ரூபினியும் ஒருத்தி. இருவரும் வேலை பார்த்த இடத்தில் பழகி, இரண்டு வீட்டிலும் முறைத்துக்கொண்டு நிற்க, ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டார்கள். பிறகு அதிதி பிறந்து, குழந்தையைப் பார்க்கும் சாக்கில் இரண்டு வீடும் இறங்கி வந்தது. ஞாயிறு தவறாமல் மனைவியையும் மகளையும் பைக்கில் கொண்டுவந்து விடுவான். ஆராதனை முடிகிறவரை கேட்டுக்கு வெளியே டீக்கடை ஓரத்தில், இரண்டு ஹெல்மெட்டையும் கூடை மாதிரி முழங்கையில் மாட்டிக்கொண்டு நிற்பான். உள்ளே வா என்று கூப்பிடாத ஆளில்லை. "பர்வாயில்ல. நீங்க உள்ள ஆத்மாவ பாத்துக்குங்க, நான் இங்க வண்டிங்கள பாத்துக்கறேன்" என்பான். அவன் சொன்னால் பாஸ்டருக்கே சிரிப்பு வரும்.

ஆஞ்சலா ஜெபம் செய்வதில் பெயர் வாங்கியவள். தொம்மலூர், ஜீவன்பீமா நகர், ஹலசூர் வரைக்கும் வீட்டுக்கூட்டம் என்றால் முடிவு ஜெபம் அவளுக்குத்தான். படிப்பு, விசா, கல்யாணம், பிள்ளைப்பேறு எதுவானாலும் வசனம் வசனமாகத் தேன் போல வரும். கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ரூபினி வீட்டில் ஒருமுறை கூட்டம் முடிந்து, எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உமேஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஒந்து டவுட்டு. கேக்கலாமா?"

"கேளுப்பா."

"நீங்க கண்ண மூடிக்கிட்டு பேசறீங்கல்ல. அந்தப் பக்கம் யாரோ கேக்கறாங்கன்னு உங்களுக்கு நெஜமா தெரியுமா? இல்ல, எங்களுக்குக் கேக்கட்டும்னு பேசறீங்களா?"

கிண்டலா என்று பார்த்தாள். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. "நீயும் ஒரு நாள் கண்ண மூடிப் பாரு, தெரியும்" என்றாள்.

"நான் மூடினா தூங்கிடுவேன் அக்கா" என்றான். இருவரும் சிரித்தார்கள். அந்தக் கேள்வி அத்தோடு போயிற்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஆகஸ்ட் மாதம் அவனுக்கு டெங்கு வந்தது. நாலாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆறாம் நாள் மூச்சுக் குழாய். அன்றே பாஸ்டரம்மா வாட்ஸ்அப் குழுவில் சங்கிலி ஜெபம் அறிவித்தார். இரண்டு இரவு, இரண்டு பகல். ஆளுக்கு அரைமணி நேரம். அவரவர் வீட்டில், கதவை மூடிக்கொண்டு, தனியாக. ஒருவர் விடுகிற இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் அறுந்துவிடக் கூடாது என்பதுதான் அதன் முறை. அதனால் ஆரம்பிக்கும்போது 'தொடங்குகிறேன்' என்றும், முடிக்கும்போது 'முடித்தேன், ஆமென்' என்றும் குழுவில் போட வேண்டும். ஆஞ்சலா இரண்டு நாளும் மூன்றிலிருந்து மூன்றரை என்று பெயர் கொடுத்தாள். பள்ளி ஆபீஸ் வேலை முடிந்து அவள் வீடு வந்து சேர்ந்து, சாப்பிட்டு, ஓய்ந்திருக்கும் நேரம் அது. மறந்துவிடக் கூடாதென்று அலாரம் வைத்தாள். தினமும் அடி என்று ஃபோனுக்குச் சொல்லி வைத்தாள்.

முதல் நாள் ஜெபித்தாள். அரைமணி நேரம் போனதே தெரியவில்லை.

இரண்டாம் நாள் 'தொடங்குகிறேன்' என்று போட்டுவிட்டு முழங்கால் போட்டாள். "இரக்கமுள்ள பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கீழ்வீட்டு ஃபாத்திமா முற்றத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ஆஞ்சலாக்கா, பாரிஷ் வருது, துணி!" மழையைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். எழுந்து மாடிக்கு ஓடினாள். பெரிய பெரிய தூறலாக விழுந்துகொண்டிருந்தது. கணவர் ஓஸ்வால்டின் சட்டைகள், படுக்கை விரிப்பு, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு இறங்கினாள். ஈரமானவற்றை நாற்காலிகள் மேல் விரித்தாள். தலையைத் துவட்டினாள். பிறகு டீ வைத்தாள். டீ கொதிக்கிற நேரத்தில் டிவியைப் போட்டாள். மூன்று இருபத்தெட்டுக்கு, தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, 'முடித்தேன், ஆமென்' என்று போட்டாள். கூப்பிய கை படம் ஒன்றையும் சேர்த்தாள்.

பொய் எழுதுகிறோம் என்று அப்போது தோன்றவேயில்லை. பஸ் ஸ்டாப்பில் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'உங்களுக்காக ஜெபம் பண்றேன்' என்று சொல்லி, வீட்டுக்கு வருவதற்குள் மறந்துபோகும் பழக்கம்தான். அவளைப் பொறுத்தவரை அது 'போய்ட்டு வரேன்' என்கிற மாதிரி ஒரு வார்த்தையாகிப் பல வருடம் ஆகியிருந்தது.

மூன்று நாற்பதுக்கு பாஸ்டரம்மாவின் செய்தி வந்தது. நம் சகோதரி ரூபினியின் கணவர் மதியம் 3.12க்கு நம்மை விட்டுக் கடந்து போனார்.

ஆஞ்சலா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பன்னிரண்டுக்கு அவள் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

அடக்கத்தன்று சர்ச் வளாகத்தில் ரூபினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. "மருந்து வாங்கிட்டு வாங்கன்னு கீழ அனுப்பிட்டாங்க அக்கா. நான் க்யூல நிக்கறேன், அவரு போய்ட்டாரு. பக்கத்துல ஒருத்தருமே இல்லாம தனியா போய்ட்டாரேன்னு பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் க்ரூப்பப் பாத்தேன். நீங்க இருந்தீங்க. அந்த நேரம் நீங்க அவருகூட இருந்தீங்க."

ஆஞ்சலா அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.  தோளுக்கு மேலாக, கேட்டுக்கு வெளியே டீக்கடை தெரிந்தது.

அதன்பிறகும் அவள் கூட்டங்களுக்குப் போனாள். ஜெபமும் நிற்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வாய் தன்பாட்டுக்கு ஓடியது. எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே ஒரு கணம் நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவள் மாதிரி தன் குரலைக் கேட்டாள். நேற்று ஹலசூரில் ஒரு பெண்ணின் பரீட்சைக்காக ஜெபித்து முடித்தபோது எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். ரூபினி முன்வரிசையில் இருந்தாள். மெல்ல வந்து, "அன்னிக்கும் இப்படித்தானே பண்ணியிருப்பீங்க" என்றாள். அந்தக் கணத்தில் ஜன்னலுக்கு வெளியே யாரோ, உள்ளே வராமல், முடியட்டும் என்று காத்துக்கொண்டு நிற்பதாக ஆஞ்சலாவுக்குப் பட்டது. மழைநாளில் உமேஷிடம் வரும், நனைந்த மழைக்கோட்டின் ரப்பர் வாசனைகூட வந்தது. திரும்பிப் பார்த்தால் தெருவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு பானிபூரி வண்டிதான் நின்றது.

இப்போது, நாற்பத்தோராம் நாள், அலாரம் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. நிறுத்தினாள். சமையலறைக்குத் திரும்பாமல் உள்ளறைக் கதவைச் சாத்தினாள். அது மகன் க்ளெனின் அறை. அவன் புனேயில் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. ஒற்றைக் கட்டில், மேசை, சுவரில் எப்போதோ அவன் ஒட்டிக் கிழித்த கிரிக்கெட் படத்தின் பசைத்தடம். கட்டிலோரம் முழங்கால் போட்டாள்.

"இரக்கமுள்ள பரலோகப் பிதாவே, உம்முடைய சமுகத்திலே" என்று ஆரம்பித்தாள். சட்டென்று நிறுத்தினாள். பூட்டிய அறையில், ஒருவரும் இல்லாத இடத்தில், கூட்டத்துக்குப் பேசுகிற குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. இத்தனை வருடமும் யாருக்குப் பேசினோம் என்று நினைத்தாள். முகம் சூடாகிவிட்டது. அன்று அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. சும்மா இருந்தாள். மூன்றரை ஆனதும் எழுந்து சட்டியைத் தேய்க்கப் போனாள்.

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். வசனம் வந்தால் நிறுத்திக்கொண்டாள். வசனத்தை எடுத்துவிட்டால் அவளிடம் ஒன்றுமே இல்லை. மனம் கறிவேப்பிலைக்கும், கேஸ் புக் பண்ண வேண்டியதற்கும், க்ளென் பேசாமலே நாலு நாள் ஆனதற்கும் போய்ப் போய் வந்தது. ஐம்பத்துமூன்று வயதில், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. சில நாள் அழுகை வந்தது. அழுகையையும் நம்ப முடியவில்லை, கூட்டங்களில் அவள் அழுததெல்லாம் நினைவுக்கு வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், மாடிப்படி திரும்புகிற இடத்தில், யாரோ நிற்கிற நினைப்பு மட்டும் தினமும் இருந்தது. அவள் அலங்காரமாக ஏதாவது பேசினால் அது இறங்கிப் போய்விடும். பேசாமல் இருந்தால் நிற்கும்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அவளை அறியாமல் வாயிலிருந்து வந்தது. "மழ வந்துச்சு. துணி எடுக்கப் போனேன்."

அம்மாவிடம் தப்பை ஒப்புக்கொள்கிற குரல் அது. வீட்டுப் பேச்சுக் குரல். அந்தக் குரலில் அவள் ஆண்டவரிடம் ஒருநாளும் பேசியதில்லை.  கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது எதுவோ, அது அசையவில்லை.

அதன்பின் தினமும் அங்கிருந்துதான் ஆரம்பித்தாள். மழை வந்துச்சு, துணி எடுக்கப் போனேன். பிறகு அதனோடு ஒன்று சேரும். டீ வெச்சேன். டிவி பாத்தேன். உமேஷ் கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல. எனக்கும் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு வரிதான். சில நாள் அதுவும் இல்லாமல், ரூபினியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, மீதி நேரமெல்லாம் பேசாமல் இருப்பாள். பஸ் ஸ்டாப்பில் யாராவது கவலை சொன்னால் இப்போது வாயில் அந்த வார்த்தை வருவதில்லை. கேட்டுக்கொண்டு நிற்பாள், மறுநாள் மூன்று மணிக்கு அந்த முகம் ஞாபகம் வரும்.

ஓஸ்வால்டுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. அச்சகத்தில் ஷிஃப்ட் நடுவே மூன்று மணிக்கு ஃபோன் பண்ணுவது அவர் வழக்கம். "என்ன ஆஞ்சி, மூணு மணிக்கு ஃபோன் எடுக்கறதே இல்ல? யாராவது பாய்ஃப்ரண்ட் புடிச்சிட்டியா?" என்று ஒரு சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். எப்போதும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மடக்குகிறவள் அன்று அவர் எதிரில் வந்து நின்றாள். அவர் பூண்டைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னாள்.

ஓஸ்வால்ட் பூண்டுத் தோலை ஓரமாக ஒதுக்கினார். பிறகு அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் விரலில் பூண்டு வாசனையும் மை வாசனையும் இருந்தது.

"சொல்லிடலாம்னு இருக்கேங்க. அவகிட்ட."

"வேணாம் ஆஞ்சி. அந்தப் பொண்ணு அத ஒண்ணத்தான் புடிச்சிக்கிட்டு நிக்குது. உனக்கு மனசு லேசாகணும்னு அதையும் புடுங்கிடாத."

"அப்ப நான்?"

"நீ சுமக்க வேண்டியதுதான்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே தாங்காமல் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். முப்பது வருடத்தில் அவர் சொன்ன எதையும் அவள் இவ்வளவு நேரம் யோசித்ததில்லை. அவர் சொன்னது சரி என்றே பட்டது. சரியாக இருந்தும், மறுநாள் மூன்று மணிக்கு அறைக்குள் போனால் மூச்சு முட்டியது.

அக்டோபர் கடைசியில் ஒரு மதியம், மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், ரூபினி வந்தாள். கம்பெனியில் அரைநாள் லீவு போட்டிருந்தாளாம். ஸ்கூட்டியில் வந்தவள் கையில் இரண்டு ஹெல்மெட் இருந்தன. ஆஞ்சலா பார்ப்பதைப் பார்த்து, "இன்னொண்ணு எதுக்குன்னு தெரியல. எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். உள்ளறைக்கு வந்து இரண்டையும் கட்டில்மேல் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. வெளியே, எதிர் ஆபீஸ் கட்டடத்தின் கண்ணாடியில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அதிதி எப்படியிருக்கா?"

"இருக்கா. அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு கேக்கறா. குழாய் போட்டிருந்தாங்க, என்னத்த சொல்லியிருப்பாரு." பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். புதுசு. அட்டை பிளாஸ்டிக்கூடப் பிரிக்கவில்லை. "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்கல்ல அக்கா? அன்னிக்கு என்ன சொல்லி ஜெபம் பண்ணீங்க? ஞாபகம் இருக்கற வரைக்கும் சொல்லுங்க. எழுதி வெச்சுக்கறேன். அவரு போறப்ப அவரச் சுத்தி இருந்த வார்த்தைங்க அதுதானே. அவ பெரியவளானா காட்டணும்."

 அழகான பத்து வரி சொல்வது ஆஞ்சலாவுக்கு ஒரு பெரிய காரியமா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஓஸ்வால்ட் சொன்னதும் அதுதானே. புடுங்கிடாத. அவள் வாயைத் திறந்த நேரம் மேசைமேல் ஃபோன் அதிர்ந்தது. அதிர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்ததை ரூபினிதான் எட்டிப் பிடித்தாள். திரையைப் பார்த்தாள். அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமுமா அக்கா?"

"ம்."

"இன்னும் பண்றீங்களா?"

"இப்பத்தான் பண்றேன்" என்றாள் ஆஞ்சலா. ரூபினிக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப பண்ணுங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன். எழுதல. கேட்டா போதும்."

ஆஞ்சலா முழங்கால் போட்டாள். கண்ணை மூடினாள். பக்கத்தில் ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றதுமே தொண்டை தானாகத் தயாரானது. இரக்கமுள்ள பரலோகப் பிதாவே. அது நெஞ்சுக்குழியிலிருந்து நயமாக, பழகிய மாடு தொழுவத்துக்கு வருகிற மாதிரி, ஏறி வந்தது. விழுங்கினாள். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினாள். நேரம் போயிற்று. ரூபினி பொறுமையாக இருந்தாள், அவள் மூச்சு கேட்டது. எங்கோ ஹலசூர்ப் பக்கம் இடி உருண்டது. கதவுக்கு வெளியே, படி திரும்புகிற இடத்தில், முடியட்டும் என்று நிற்கிறவன் நின்றுகொண்டிருந்தான்.

"ஆஞ்சலாக்கா, பாரிஷ் வருது, துணி!"

கீழே முற்றத்திலிருந்து ஃபாத்திமாவின் குரல். அன்றைய அதே குரல், அதே வார்த்தை. ஆஞ்சலாவின் முழங்கால் தானாக எழப் பார்த்தது. மாடியில் ஓஸ்வால்டின் சட்டைகள் இருந்தன. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

"ஆண்டவரே" என்றாள். குரல் உடைந்து, சின்னதாக, வீட்டுக் குரலாக வந்தது. "அன்னிக்கும் இப்படித்தான் மழ வந்துச்சு. ஃபாத்திமா கூப்பிட்டாங்க. நான் துணி எடுக்கப் போய்ட்டேன். திரும்பி வந்து உக்காரல. டீ வெச்சேன், டிவி பாத்தேன். முடித்தேன்னு போட்டது பொய். உமேஷ்கூட நான் இல்ல. அவன் தனியாத்தான் போனான். இவ அத நம்பிக்கிட்டு இருக்கா, அவகிட்டச் சொல்ல எனக்கு தைரியம் வரல. உங்கிட்டதான் சொல்றேன்."

பக்கத்தில் மூச்சு நின்றது. கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் ரூபினியின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுவாள், ஏதாவது தேறுதல் சொல்லிவிடுவாள், வாய்க்கு அது எல்லாமே தெரியும். கட்டில் கிரீச்சிட்டது. ரூபினி எழுந்தாள். நோட்டு தரையில் விழுந்து, எடுக்கப்படாமல் கிடந்தது. கதவு திறந்தது. வாசலுக்கு வெளியே படி இரண்டு பக்கம் பிரியும், கீழே தெருவுக்கு ஒன்று, மேலே மொட்டைமாடிக்கு ஒன்று. காலடி எந்தப் பக்கம் போனதென்று மழைச் சத்தத்தில் பிடிபடவில்லை.

ஆஞ்சலா எழவில்லை. இன்னும் நேரம் இருந்தது. கையைக் கட்டில்மேல் ஊன்றினாள். விரலில் ஹெல்மெட் குளிர்ச்சியாகப் பட்டது. அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டாள். பெரிய பெரிய தூறல்கள் ஜன்னல் தகரத்தில் விழ ஆரம்பித்தன. "அக்கா, வீட்ல இருக்கியா இல்லியா?" என்று ஃபாத்திமா கீழிருந்து இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.

தலைக்கு மேலே, மொட்டைமாடியில், கொடிக்கம்பி ஒருமுறை இழுபட்டு அதிர்ந்தது. யாரோ துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றி, அவசரமே இல்லாமல், மூலையில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் போடும் சத்தம் மழைக்கு நடுவே கேட்டது. ஆஞ்சலா கண்களை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.